ஊசி எழாத வண்டி

"வருதா?"

"வருது."

"சூடா வருதா?"

"காத்து வருது."

"அக்கா, நான் கேக்குறது சூடு."

"நான் சொல்றது காத்து."

தம்பி பானெட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். மூக்கு சிவந்திருந்தது. கழுத்தில் அக்காவின் பழைய மஃப்ளர். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, காற்று வரும் வாயில் உள்ளங்கையை வைத்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் விசிறி முழு வேகத்தில் இரைந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும்."

"காலையிலேர்ந்து பத்துப் பத்து நிமிஷமாவே அரை டேங்க் போயிடுச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். ஓட்டுநர் பள்ளி வண்டிக்கு வருடாந்திரச் சோதனை. விளக்கு, ஹாரன், டயர், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து இரண்டாவது பிரேக் எல்லாம் சரியாக இருந்தன. குளிர்காலத்தில் இன்னொன்றையும் பார்ப்பார்கள். ஹீட்டரைப் போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் முன்கண்ணாடியில் படிந்த ஆவி விலக வேண்டும். இந்த வண்டியில் அரை மணி நேரமானாலும் விலகவில்லை. போன வாரம் வகுப்புக்கு வந்த தையல்காரி ஓட்ட, அக்கா பக்கத்து சீட்டிலிருந்து எட்டி எட்டித் துடைத்தாள். "டீச்சர், நீங்க தொடைக்கிற பக்கமா நான் ஓட்டிக்கிறேன்" என்றாள் தையல்காரி. அப்படியேதான் ஓட்டினாள்.

வண்டி தேறாவிட்டால் பள்ளிக்கு அனுமதி புதுப்பிக்கப்படாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளே மகனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய வண்டி அடிப்பாகம் துருப்பிடித்துச் சோதனையில் தோற்றபோது, வேறு நகரத்திலிருந்த மகன் போதும் என்றான். அறுபத்திரண்டு வயதில் எதற்கு என்றான். "இன்னும் ஒரு வண்டி வாங்கிப் பாக்குறேன். அதுவும் தேறலன்னா நிறுத்திட்டு உங்கூட வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டாள். பேச்சை முடிக்கத்தான் சொன்னாள். மகன் அதைத் தேதியோடு நினைவில் வைத்துக்கொண்டான். அவன் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று மருமகள் போனில் கேட்டாள். யோசித்துச் சொல்வதாக இவள் சொன்னாள். நான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்கு ஹாஃப் கிளட்ச் டீச்சர் என்று பெயர். இருபத்தாறு வருடங்களாக, கிளட்சைப் பாதி மட்டும் விடச் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறாள். வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள். முதல் வகுப்பில் சாவியைத் தர மாட்டாள். ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைத்து, உங்களால் வண்டி ஓட்ட முடியாது என்று யார் சொன்னது என்று கேட்பாள். கணவர், மாமியார், அண்ணன். ஒருத்திக்கு அவள் பெற்ற மகள். எல்லாரையும் சொல்லி முடித்ததும், "சரி, அத்தனை பேரும் பின்சீட்டுல உக்காந்தாச்சு. இப்பக் கண்ணாடியத் திருப்பி அவங்க மூஞ்சி தெரியாம வச்சுக்குங்க. பின்னால வர்ற லாரி தெரிஞ்சா போதும்" என்பாள். அதன் பிறகுதான் சாவி.

தம்பி வந்தது போன கோடையில். சமவெளியில், வெயிலுக்குப் பேர் போன ஊரில், பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஆறு மாதம் தனியாகச் சமைத்துப் பார்த்தான். பிறகு ஒரு பெட்டியோடும் ஸ்பானர் பையோடும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் அப்போதுதான் இந்தக் காரை வாங்கியிருந்தாள். வந்த முதல் வாரமே யாரும் கேட்காமல் அதைப் பிரித்து மேய்ந்தான். ஆயில் மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான், ரேடியேட்டரைக் கழுவினான். "அப்பா புது வண்டி வந்தா என்னென்ன செய்வாரோ அத்தனையும் செஞ்சாச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா பேரைச் சொல்ல இந்தக் குளிர் ஊரில் வேறு ஆள் கிடையாது.

காலையிலிருந்து அவன் முறையாகத்தான் தேடினான். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரின் அளவைப் பார்த்தான், சரியாக இருந்தது. விசிறி சுற்றியது. சூடு, குளிர் மாற்றும் குமிழைத் திருப்பி, அதன் கம்பி உள்ளேயிருக்கும் தடுப்பை அசைக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். அசைந்தது. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் ஆளுக்கொரு கையால் பிடித்தார்கள்.

"உன்னோடது எப்படி இருக்கு?"

"ஆற வச்ச டீ மாதிரி."

"என்னோடதும் அதான்."

ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு என்று அர்த்தம். இரண்டும் சில்லென்று இருந்தால் தண்ணீர் போகவில்லை. இங்கே இரண்டும் ஒரே மாதிரி, சூடும் இல்லை குளிரும் இல்லை. உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும் என்றான். முன்சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றி, மூடியைத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டான். நான்கு குமிழிகள் வந்தன. மதியம் குழாய்களைக் கழற்றி, தோட்டத்து ஹோஸை வைத்து ஹீட்டரைக் கழுவினான். தெளிந்த தண்ணீர் வந்தது. அவன் அழுக்கை எதிர்பார்த்து வாளியை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹீட்டருதான் மோசம். இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல" என்றான். "தொட்டுப் பாரேன். பச்சப் புள்ள நெத்தி மாதிரி இருக்கு."

"நின்னுக்கிட்டு இருக்கும்போது கொஞ்சம் வெதுவெதுன்னாவது வருது. ஓட்டினா ஐஸ். நீ நிக்கிற வண்டிக்கே வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கே."

"ஓடுற வண்டியில கைய விட முடியுமா?"

"உள்ள ஏறு."

அவன் பக்கத்து சீட்டில் ஏறினான். அங்கேதான் இரண்டாவது பிரேக் இருந்தது. தெருமுனை வருவதற்குள் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது.

"கால எடு."

"நான் ஒண்ணும் பண்ணல."

"வண்டிக்குத் தானா பயம் வந்துச்சா?"

"அந்த ஆளு குறுக்க வந்தான்ல."

"அந்த ஆளு அவர் வீட்டு வாசல்ல நிக்கிறாரு. கால மேல எடுத்து மடக்கி வச்சுக்க."

அவன் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தான். கடைத்தெருவைக் கடந்து, பள்ளிக்கூடத்தைக் கடந்து, நீண்ட இறக்கத்துக்கு வந்தார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது. இருவர் மூச்சும் கண்ணாடியில் படிந்தது. அவள் ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். வெப்பமானியின் ஊசி கால்வாசியில் இருந்தது. இறக்கத்தில் அது மெல்லச் சாய்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாரு," என்றாள். "என்ன சமத்தாப் படுத்திருக்கு. அப்பா பாத்தா உன்னத் தோள்ல தூக்கிருப்பாரு."

அப்பா வாடகைக் கார் ஓட்டினார். அந்த வெயில் ஊரில் மார்ச் மாதத்திலேயே தார் இளகும். விடுமுறை நாளில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் காலி வண்டியில் பிள்ளைகள் இருவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அவர்களுக்கு ஒரே வேலை, ஊசியைப் பார்ப்பது. "எந்திரிக்குதா?" என்று கேட்பார். "இல்லப்பா, படுத்திருக்கு." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பார். ஊசி பாதிக்கு வந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, தண்ணீர் டின்னோடு நிற்பார். சாலையோரம் ஒரு மரம் இருக்காது. காரின் நிழலில் அக்காவும் தம்பியும் குந்தியிருப்பார்கள். நிழல் இரண்டு பேருக்குத்தான் போதும். அப்பா வெயிலில் நிற்பார். மற்ற டிரைவர்களின் வண்டிகள் ஆவி கக்கிக்கொண்டு ஆங்காங்கே நிற்கும். தன் வண்டி ஒரு நாளும் கொதித்ததில்லை என்பதுதான் அவர் வாழ்நாளில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம். ஒவ்வொரு வண்டியும் கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. அதை நினைத்தபோது தம்பி காலைக் கீழே விட்டான்.

"அக்கா, நிறுத்து."

"இப்பப் பிரேக் போடுறது நீயா நானா?"

"நீயே போடு. நிறுத்து."

அவள் ஓரமாக நிறுத்தினாள். அவன் ஊசியையே பார்த்தான்.

"ஹீட்டருக்கு சூடு எங்கேர்ந்து வரும்?"

"இன்ஜின்லேர்ந்து."

"இன்ஜின் எப்படி இருக்கு?"

"பச்சப் புள்ள நெத்தின்னே."

"அப்பறம் எப்படி வரும்?"

அவளும் குனிந்து ஊசியைப் பார்த்தாள். முந்தைய வண்டியில் அந்த ஊசி வாங்கும்போதே செத்திருந்தது. அதில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, ஊசியைப் பார்க்கவே இல்லை. இந்த வண்டியில் ஊசி உயிரோடு இருந்தது. படுத்துக் கிடந்தது. ஆறேழு மாதமாகத் தினமும் அதைப் பார்த்து நிம்மதியாக ஓட்டியிருக்கிறாள்.

"நடுவுல நிக்கணும்," என்றான் தம்பி. "இந்த ஊருல ஊசி நடுவுல நிக்கணும்."

"நடுவுல நின்னா அப்பா வண்டிய ஓரங்கட்டுவாரு."

"அப்பா இங்க ஓட்டலியே. மூடிய நான் எடுத்துட்டேன்."

"எந்த மூடிய?"

"அப்பா எடுக்கிற மூடிய."

தெர்மோஸ்டாட் என்று கடையில் கேட்பார்கள். அப்பாவுக்கு அது மூடி. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சிறிய கதவு. தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை அது திறக்காது, இன்ஜினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். வெயில் ஊரில் அது ஒரு இடைஞ்சல். சமயத்தில் ஒட்டிக்கொண்டு திறக்காமலே போய், நடுவழியில் வண்டி கொதிக்கும். எனவே அப்பா எந்த வண்டியையும் அதோடு விட்டுவைக்கவில்லை. "மூச்சு விடட்டும்" என்பார். பணிமனையிலும் அதே பழக்கம். தம்பி எத்தனை பேருந்துகளில் கழற்றியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கதவு இல்லாத இன்ஜினில் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருக்கும். காலையிலிருந்து அவன் எல்லாவற்றையும் தொட்டான், அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அங்கே ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கிலேயே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கணும்னு தோணல. கை கழுவுற மாதிரிக்கா. கேட்டுட்டா கழுவுவாங்க?"

"எங்க அது?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்கடா?"

"வேலிக்கு அந்தப் பக்கம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. அவள் வண்டியைத் திருப்பினாள். மணி நாலரை. உதிரிபாகக் கடை ஆறு மணிக்கு மூடும். வழியில் அவன் இரண்டு முறை எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். மூன்றாவது முறை, "நீ உன் புள்ள வீட்டுக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு கேக்கல. நீ என்ன பண்ணுவே?" என்றான்.

"சுவத்துக்குக் கலர் பாப்பேன்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"தெர்மோஸ்டாட்டா? கெட்டுப் போயிடுச்சா, காணாமப் போயிடுச்சா?"

"காணோம்."

"உள்ள இருக்கிற சாமான் எப்படிங்க டீச்சர் காணாமப் போகும்?"

தம்பி சுவரில் தொங்கிய வைப்பர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான்.

"வாங்கும்போதே இல்ல போலிருக்கு," என்றாள். "எவனோ புண்ணியவான் கழட்டியிருக்கான்."

"இந்தக் குளிர்ல அதப் போயி கழட்டுனவன் மெக்கானிக்கா? படுபாவி."

அவர் ஏணியில் ஏறி, மேல்தட்டில் தேடி, தூசி படிந்த ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்தார். ரொம்ப நாளாகக் கிடக்கிறது, மாட்டுவதற்கு முன் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான், "புண்ணியவான்னு சொன்னியே, அது போதும்."

"படுபாவின்னு சொன்னது நான் இல்ல."

சமையலறையில் அவள் சிறிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். தம்பி மூடியை நூலில் கட்டிக் கரண்டிக் காம்பில் தொங்கவிட்டான். ஒரு எலுமிச்சை அளவு இருந்தது. வெண்கல நிறத் தட்டு, அடியில் சுருள் கம்பி. இருவரும் அடுப்புப் பக்கம் குனிந்து நின்றார்கள். சின்ன வயதில் வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய இவை கிடந்தன. தம்பி அவற்றை வரிசையாக நிறுத்திப் பேருந்து என்பான். அவள் ஒன்றைப் பொம்மையின் தலையில் வைத்து ராணி என்பாள். பேருந்து ராணியின் மேல் ஏறும். சண்டை வரும். அது எதற்கான பொருள் என்று இருவரும் கேட்டதில்லை. அப்பா வேண்டாமென்று எடுத்தது, அவ்வளவுதான்.

தண்ணீரின் அடியில் பொடிக் குமிழிகள் கிளம்பின. ஆவி ஜன்னலில் படிந்தது. மூடி அசையவில்லை.

"இதுவும் செத்ததா இருக்குமோ?"

"பொறு."

தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்னால் தட்டின் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகக்கண் அளவு. பிறகு தட்டு தானாகவே, யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல, அவசரமில்லாமல் எழுந்தது. இடைவெளியில் தண்ணீர் புகுந்தது.

தம்பி குனிந்தபடியே இருந்தான்.

"முப்பத்திரண்டு வருஷம் கழட்டிப் போட்டிருக்கேன்," என்றான். "இது திறக்கிறத ஒரு நாளும் பாத்ததில்ல."

"அப்பா பாத்திருப்பாரா?"

"அவரு எதுக்குப் பாக்குறாரு."

நூலைத் தூக்கி மூடியை வெளியே எடுத்தான். காற்று பட்டதும் அது மெல்ல இறங்கி, கோடாகி, மூடிக்கொண்டது. நேரமாகிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ போடவா?"

"போடு," என்றாள்.

இரண்டாவது முறையும் பார்த்தார்கள். அதன் பிறகு அடுப்பை அணைத்தார்கள்.

மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டே போல்ட்டுகள்தான். ஆனால் அவனுக்குக் கழற்றத்தான் பழக்கம். சுருள் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டுமா, வெளியே பார்க்க வேண்டுமா என்று பெட்டியில் இருந்த படத்தை இரண்டு முறை பார்த்தான். அவள் டார்ச் பிடித்தாள். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை வைத்து இறுக்கி, கூலன்டை நிரப்பி, காற்றை வெளியேற்றினான். கீழே சிந்தியதை நாய் ஏதாவது நக்கிவிடும் என்று அவள் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

வண்டியைக் கிளப்பினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தான். கால்வாசிக்கு வந்தது. நிற்கவில்லை. எழுந்துகொண்டே இருந்தது. பாதியை நெருங்கியபோது அவன் கை சாவிக்குப் போயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு."

"கொதிக்கப் போவுதுக்கா."

"கொதிக்காது. இரு."

"எந்திரிச்சிடுச்சு பாரு."

"எந்திரிக்கட்டும்."

ஊசி நடுவில் வந்து நின்றது. அவர்கள் அது நின்றதை நம்பாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் ஹீட்டரைப் போட்டாள். முதலில் தூசி வந்தது. அடுத்து சூடு வந்தது. கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து ஆவி பின்வாங்கி, முற்றமும் வேலியும் எதிர்வீட்டு விளக்கும் தெரிந்தன. சூடேறிய ரெக்சினும் தூசியும் சேர்ந்த ஒரு வாசனை வண்டிக்குள் நிறைந்தது. நடுப்பகலில் கதவைச் சாத்திய வாடகைக் காரின் வாசனை. தம்பி மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கண்ணாடிய எறக்குவியா?" என்றான். "புழுங்குது."

"எறக்கினா கொன்னுடுவேன்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் பத்தே காலுக்கு வந்தார். விளக்குகளைப் பார்த்தார். இரண்டு பிரேக்குகளையும் மிதித்துப் பார்த்தார். ஹீட்டரைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. பின்பக்க இடது டயர் அடுத்த வருடத்துக்குத் தாங்காது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தார். டீ வேண்டாம் என்றார். அவள் மகனுக்குப் போன் செய்து வண்டி தேறிவிட்டது என்றாள். அவன், "சரிம்மா, ஒரு வருஷம்தானே" என்றான். ஒரு வருடம்தான் என்றாள். அந்த அறையில் பிள்ளைகள் படிக்க மேசை போடலாம் என்றும் சொன்னாள். பதினோரு மணிக்குத் தையல்காரி வந்தாள். ரிவர்ஸ் எடுத்துப் பழகினாள். ஒரு தொட்டி உடைந்தது. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வகுப்புகள் இருந்தன. தம்பி, இங்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தாருக்கு மூடியைக் கழற்றிவிட்ட வண்டிகளை நினைவிலிருந்து எண்ணினான். மூன்று இருந்தன. மாலையில் உதிரிபாகக் கடைக்குத் தனியாகப் போனான். கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றான்.